‘போறன்’ என்றவர்

நான் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பியர்பொன்ட்ஸ் என்ற கம்பனியின் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கியவர் முன்பு பாகிஸ்தான் உதைபந்தாட்ட அணியின் தலைவர், தடுப்பாட்டக்காரர். நெடிய உருவம், உடைந்து கோணிய மூக்கு. தள்ளுவண்டியோடு யார் எதிரே வந்தாலும் முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் நிற்பார். பந்தோடு வருகிறவனை மறிக்கும் நிலை அது. பிறகு வெட்கப்பட்டு வழிவிடுவார்.

அங்கே வேலைசெய்த தமிழர் எங்களிடம் தமிழ் பழகியிருந்தார். வேலை முடிந்ததும், “போறன்” என்பார்.

“அப்பிடிச் சொல்லக்கூடாது அண்ணை. அது திரும்பி வராத ஆக்கள் சொல்லுறது. ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லுங்கோ” என்று தினமும் திருத்துவேன்.

ஒருநாள் கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: “தெரியும் தம்பி. ‘வாறன்’ எண்டால் நாளைக்கும் இஞ்சை வரவேணுமே.”

மறுநாள் காலை, பூட்டிய கதவின் முன் எனக்கு முதலே வந்து நின்றார்.

அன்று மாலை “போறன்” என்று முதலில் சொன்னது நான்தான்.