ராகு காலத்தில் இறுகிய பசை

சங்ககிரியில் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த வீடுகள் உண்டு. பியானோ இருந்தது எங்கள் வீட்டில்தான். ஏற்காட்டு பங்களா ஏலத்தில் என் வீட்டுக்காரர் எடுத்து, எங்கள் லாரியிலேயே கொண்டுவந்து இறக்கினார். கான்வென்டில் படித்த என் மகள் அதை வாசிப்பாள் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு நானேதான் சொல்லியனுப்பினேன். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பியானோவோ ஊளையிடுகிறது.

வியாழக்கிழமை சேலத்திலிருந்து பியானோக்காரர் வந்து திறந்து பார்த்தார். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் ஆணிகள் உள்ளே ஒரு பலகையில் இறங்கியிருக்கின்றன. பலகையின் துளைகள் தளர்ந்துபோனதால், முறுக்க முறுக்க ஆணி பழையபடி திரும்பிக்கொள்கிறது. அவரிடம் இரண்டு டப்பாப் பசை இருந்தது. இரண்டையும் கலந்து ஆணியைச் சுற்றி விட்டால் கவ்விக்கொள்ளுமாம்.

பசை உள்ளே இறங்க வேண்டுமென்று பியானோவை நெல் மூட்டைகள்மேல் மல்லாக்கக் கிடத்தினோம். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "எத்தன நாளாச் சீக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு கொட்டாங்குச்சிப் பசையில் இடது பக்க ஆணிகள் முடிந்தன. மிச்சத்தையெல்லாம் இன்னொரு கொட்டாங்குச்சியில் கலக்கி முடித்தபோது என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க. ராகு காலம் பொறந்துருச்சு."

"ஆரம்பிச்ச வேலைதானேங்க?" என்றார் பியானோக்காரர்.

"அது பழைய கொட்டாங்குச்சிங்க. இது புதுசு. புதுசுன்னா புது வேலை. பொண்ணு விசயம் பாருங்க."

"பசை காத்திருக்காதுங்க."

"மூணு மணி வரைக்குந்தானுங்க. காப்பி குடிங்க" என்றேன் நான்.

மூன்று மணிக்குப் பசை கல்லாகியிருந்தது. அவருடைய பிரஷ் அதில் நட்டுக்கொண்டு நின்றது. வேறு பசை இல்லை.

மறுநாள் காலையில் இடது பக்கத்துக்கு மட்டும் சுருதி கூட்டிக் கொடுத்தார். நடுவைத் தாண்டினால் கையை ஒடிப்பேன் என்று மகளிடம் சொல்லிவைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இரண்டு கையையும் ஒரே ஓரத்தில் நெருக்கிக்கொண்டு வாசித்தாள். பாரம் ஏற்றிய லாரி சங்ககிரி மேட்டில் ஏறுவதுபோல் கம்பீரமாக இருந்தது.

வலது பக்க நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "இந்தப் பக்கம் ஏன் சாமி தொடவே இல்ல?"

மகள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அந்தப் பக்கத்துக்கு நேத்து ராகு காலம் வந்துருச்சுங்க."

"இன்னும் போகலீங்களா?"

"இல்லீங்க."

அந்தம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து, நாற்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டது அங்கேதான்.