ராமாயி அக்காவின் வேலை இன்னும் முடியவில்லை

மலை ஊரில் உள்ள உங்கள் நிலத்தின் வரைபடத்தை எங்கள் அலுவலகம் வேண்டுமென்றே கடைசியில் போட்டது. எங்கள் மலைக்கிளையில் வேலை பார்த்த ராமாயி அக்கா காமாலையில் இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோதும், அவர் தொடங்கிவைத்த அந்த வேலை சர்வரில் முடியாமல்தான் கிடந்தது.

அடக்கத்தன்று மலையில் உங்களில் ஒருவர் அக்காவைப் பற்றிச் சொன்னார்: "ஆபீஸ்ல குந்திகினு ஊரு படத்தை மட்டும் வாங்கித் தரலியே." பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு இருப்பது ஒரே லினக்ஸ் சர்வர். ட்ரோன் படங்களை ஒட்டி வரைபடமாக்குவது அதில்தான். உள்ளே நுழைகிற யாருடைய வேலைக்கு எவ்வளவு முன்னுரிமை என்பதை ஒரு கோப்பில் உள்ள வரி முடிவு செய்கிறது. எங்களுக்குப் பூஜ்யம், அதாவது முன்வரிசை. மலைக்கிளைக்குப் பத்தொன்பது, அதுதான் கடைசி இடம். அக்கா சொல்வார்: "இந்த மெஷின்ல மட்டும் நம்பர் ஜாஸ்தியானா மரியாதை கம்மி."

ஒருநாள் அவர் பஸ் பிடித்து நேரிலேயே வந்தார். நில உரிமைக்கு நீங்கள் போட்ட மனு வரைபடம் இல்லாமல் நகராது என்றார். அப்போது சர்வரில் முதலாளி வீட்டுக் காதணி விழா வீடியோவின் எடிட்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த வரியை எடுத்துடுங்க சார். எல்லாரு வேலையும் சமமா ஓடட்டும்."

"மலையில இன்னாம்மா அவசரம்?" என்றார் முதலாளி. " சாமை வெளையிற வரைக்கும் குந்திகினுதான இருக்கீங்க?"

நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

"சாமை மழைக்குக் காத்துக்கினு இருக்கும் சார். உங்க வூட்டு வீடியோவுக்கு இல்ல."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவருக்காகப் பேசவும் இல்லை. அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டோம். போகும்போது அக்கா என்னிடம் நின்று, "வரேன் தம்பி" என்றார். அந்த மரியாதைக்கு நான் எதுவும் செய்திருக்கவில்லை.

நல்ல நினைவுகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மிஞ்சியது அந்தச் சிரிப்பும், அந்த "வரேன் தம்பி"யும்தான்.

இன்று காலை பார்த்தேன். உங்கள் வரைபடம் அவர் பெயரில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வரியை மாற்றும் கடவுச்சொல் முதலாளியிடம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "அந்த வரியை நீக்குங்கள். அக்காவின் வேலையை முன்னே விடுங்கள்."

எல்லோரும் படித்துவிட்டதாக நீல டிக் காட்டுகிறது.