கீழ் லயத்து வால்வு

எங்கள் தோட்டத்துக்கு மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் ஒரே டாங்கியில்தான் சேரும். அதைத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுவதில் தினமும் சண்டை. ஆள் திறந்தால்தானே சந்தேகம், மெஷின் திறக்கட்டும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கினிகத்தேனையில் போன் திருத்தும் கடையில் வேலை செய்பவன் நான். இந்த மாதிரி விளையாட்டுகளில் எனக்குப் பைத்தியம். உள்ளங்கை அளவு கொன்ட்ரோலர் போர்டு, கரண்டில் திறந்து மூடும் வால்வுகள். நேரம் வந்தால் தண்ணீர் தானாகப் போகும். கொஞ்ச நாள் எல்லோரும் மெச்சினார்கள்.

பிறகு கீழ் லயமும் எங்களோடு சேர்ந்தது. அவர்களுக்கு வால்வு பூட்டப் போனால், போர்டில் வயர் பூட்டும் கால்கள் தீர்ந்துவிட்டன. டாங்கியின் மட்டம் பார்க்கும் சென்சர், சின்னத் திரை, பழைய வால்வுகள் என்று எல்லாக் காலிலும் வயர். அதனால் கூடுதல் கால்கள் தரும் ஒரு சிப்பை வாங்கி வந்தேன். போர்டிலிருந்து மூன்று வயர் கொடுத்தால் அது எட்டு வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும். எல்லா வால்வுகளையும் அதற்கே மாற்றி, வால்வுக்கொரு சின்ன விளக்கும் வைத்து, எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி என் வீட்டுச் சுவரில் மாட்டினேன்.

மழை பிடித்ததும் வினையும் பிடித்தது. சில நாள் விடியற்காலையில் எங்கள் லயத்துப் பொதுக் குழாயான பீலியில் முறையில்லாமல் தண்ணீர் கொட்டும். கீழ் லயத்தின் முறை வரும்போது டாங்கி காலியாக இருக்கும். அங்கே கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டுத்தான் அவர் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“பொட்டி ஒங்க வூட்ல, தண்ணி ஒங்க லயத்துல. நாங்க என்னத்த நெனைக்கிறது தம்பி?”

“நான் கையே வைக்கலங்க அக்கா.”

“கை வைக்காமத்தான் எல்லாம் நடக்குதாக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தை அவர்மேல் காட்ட முடியாமல் மற்றவர்களைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறார்? சிப்பு விற்ற கடைக்காரர் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டாரா? ஒரு நாள் மனைவி வீட்டுக் கம்பளிகளையெல்லாம் அலசிக் காயப்போட்டிருந்ததைப் பார்த்து, நீதான் வால்வைத் திறந்தாயா என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

“ஒங்கள இந்தத் தோட்டத்துல நம்புறது நான் ஒருத்திதான். நானும் பாதிதான் நம்புறேன்” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போதே, மழைக்காலத்தில் அடிக்கடி நடப்பதுபோல, கரண்ட் போய் வந்தது. வந்த கணமே எங்கள் லயத்து வால்வின் விளக்கு பற்றியது. போர்டு இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. நேரத்தை அறிய போன் சிக்னலைத் தேடிக்கொண்டிருந்தது. பனி மூடிய நாளில் இங்கே சிக்னல் லேசில் கிடைக்காது. போர்டு சொல்லும்வரை சிப்பு தன் இஷ்டத்துக்குக் கால்களைத் திறந்து வைத்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். மறுபடியும் அதே விளக்கு. இவ்வளவு நாளும் மனிதர்களையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிப்பின் வெளியீடுகளை மொத்தமாக அடக்கி வைக்க அதிலேயே ஒரு கால் உண்டு. அதில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, போர்டு அனுமதி தரும்வரை எல்லா வால்வும் மூடியே இருக்கும்படி செய்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரே பிளக்கைப் பலமுறை பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். ஒரு விளக்கும் பற்றவில்லை.

“வெளங்குது தம்பி. மிசினு பெசகுதான். ஆனா பொட்டி இனி எங்க லயத்துல இருக்கட்டும்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மறுத்தால் சந்தேகம் இன்னும் கூடும் என்பதால் தலையை ஆட்டினேன். பெட்டி அக்கா வீட்டுச் சுவருக்குப் போனது. அவர் அதற்கொரு பூட்டும் போட்டு, சாவியைத் தானே வைத்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் முறைக்கு முன்பே வாளியோடு பீலிக்கரையில் நின்றேன். சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. வாளியும் நிறைந்தது. அப்படியும் மனம் கேளாமல் மேட்டின் விளிம்புக்குப் போய், கீழ் லயத்து வாசல்களில் எத்தனை பீப்பாய் நிறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன்.

“தண்ணி வந்துச்சா தம்பி?” என்று கீழேயிருந்து அக்கா கேட்டார்.

“வந்துச்சுங்க அக்கா” என்றேன். வழக்கத்தைவிடக் குறைவாக வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.