அவைக்கு ஊத்தை வேணுமாம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பலேர்மோவில் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்தது இது. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் அந்த மண்டபம் இருக்கிறது. வெயில் காலத்தில் மத்தியானம் ஒரு மணி தாண்டினால் அந்தச் சந்தில் யாரும் நடமாட மாட்டார்கள். கடைக் கதவுகள் இறங்கியிருக்கும், மாடிகளில் காயப் போட்ட துணி அசையாமல் தொங்கும், ஊரே நித்திரை. அந்த நேரத்தில்தான் நான் என் வாழ்க்கையிலேயே மிக அருமையாக ஒரு வேலையைச் செய்து, ஒரு வருடத்து உழைப்பைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் மன்னாரிலிருந்து வந்தவள். அப்போது இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் வீடுகளில் துப்புரவு வேலை. தரை துடைப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் துடைத்த பளிங்கில் வீட்டுக்காரச் சிஞ்ஞோராமார் குனிந்து லிப்ஸ்டிக் சரி பார்க்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மூடி எலுமிச்சை மணத்துத் தரை மெழுகு கலப்பேன். அந்தப் போத்தல் எப்போதும் என் பையில் இருக்கும்.

அந்த வருடம் வடக்கே ஒரு நாட்டிலிருந்து அவர்களுடைய தேசிய பாலே குழு இந்த ஊருக்கு வந்து வந்து போனது. பெரிய தியேட்டரில் மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று என்று ஆடினார்கள். அந்த வாசல் பக்கம் எங்களைப் போன்றவர்கள் போவதில்லை. ஆனால் அந்தக் குழுவுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஆடப் போகிற ஊரில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போய், வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் கூட ஆடிக் காட்டினார்கள். எங்கள் மண்டபத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு. தமிழ்ப் பிள்ளைகள், வங்காளப் பிள்ளைகள், கானாப் பிள்ளைகள், அந்தச் சந்துச் சிசிலியப் பிள்ளைகள் என்று இருபது பேருக்கு மேல்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை. ஆசிரியர்கள் என்னைக் கூப்பிட்டு, இவளுக்குக் காது கேட்கிறதா என்று விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பாலே வகுப்புக்குப் போகத் தொடங்கியபின் குளிர்சாதனப் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள், வியா மக்வேதாத் தெரு வழியே நுனிக்காலில் நடந்தாள், இரவுச் சாப்பாட்டில் மூச்சு விடாமல் கதைத்தாள். வருட முடிவில் அந்த மண்டபத்திலேயே குழுவின் பெரிய ஆட்டக்காரர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு. அதில் நடுமேடையில் அரை நிமிடம் தனியாக நிற்கப் போவது என் மகள். அந்த அரை நிமிடத்துக்காக எங்கள் வீடு ஒரு மாதம் நித்திரை கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு ஒத்திகை நடந்தது. ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மாலைத் தேநீருக்கு வைக்கவென்று நான் பொரித்த ரோல்ஸ் பெட்டிகளைக் கொண்டுபோனேன். மண்டபத்துக் காவல்காரர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். துறைமுகத்தில் சாமான் இறக்கி ஓய்வு பெற்ற மனிதர், பெரிய வயிறு, இடுப்பில் சாவிக் கொத்து. பல வருடமாக எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு போன்ஜோர்னோ வணக்கம் மட்டும்தான்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆட்டத்துக்கென்று பழைய ஓட்டுத் தரைக்கு மேலே கறுப்பு ரப்பர் விரிப்பு ஒட்டியிருந்தார்கள். அது முழுக்க வெள்ளைத் தூள், காலடித் தடம், கீறல். மூலையில் ஒரு மரத்தட்டு, அதில் மஞ்சள் நிறத்தில் உடைந்த கட்டிகளும் பொடியும். கோயில் தூபத்துக்குப் போடுகிற குங்கிலியம் என்றே நினைத்தேன். பீடப் பணிவிடை செய்கிற பிள்ளைகள் கொட்டி மிதித்திருக்கிறார்கள் போல. ஒரு நாட்டின் பேர் சொல்லும் ஆட்களை இந்தக் கோலத்திலா ஆட விடுவது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வாளியும் தரை துடைக்கிற மொப்பும் கேட்டேன். காவல்காரர் அறையைத் திறந்து, தானே தண்ணீரும் பிடித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் கதிரையில் சாய்ந்தார்.

நான் தண்ணீரில் என் மெழுகைக் கலந்து, செருப்பைக் கழற்றினேன். உயரத்து ஜன்னல்களால் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த மண்டபத்துச் சுவரிலும் கூரை ஓரத்திலும் சுண்ணாம்பில் செய்த சம்மனசுகள் இருக்கின்றன, இறக்கை வைத்த குண்டுக் குழந்தைகளாக, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்த மாதிரி. ஒரு வீச்சு மொப் போனதும் கறுப்புத் தரையில் ஒரு ஜன்னல் தெரிந்தது. இன்னொரு வீச்சில் ஒரு சம்மனசின் கால். நான் துடைக்கத் துடைக்க அவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்தார்கள். வெளியே சத்தமே இல்லை. என் கை தன்பாட்டில் போய் வந்தது, நான் எங்கே நிற்கிறேன் என்பது கூட மறந்துவிட்டது. முடித்து நிமிர்ந்தபோது மேலே ஒரு கூரை, கீழே ஒரு கூரை, நடுவில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு தரையை நான் கண்டதில்லை. அந்த மஞ்சள் கட்டிகளைக் குப்பையில் கொட்டி, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றினேன்.

நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். எங்கள் பெண்கள் பட்டுச் சேலையில், பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில். எனக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், என்னுடன் வேலைக்குப் போய் வருபவர். நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, நிலத்தைப் பாத்தனீங்களே? நான்தான் செய்தனான்."

"அதுதானே பாத்தன், கண்ணாடி மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா.

அப்போது வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஆட்டக்காரி, பிள்ளைகள் மயெஸ்த்ரா என்று கூப்பிடும் பெண், ஓரத்திலிருந்து ஓடிவந்து ஒரு தாவு தாவினாள். அந்தத் தாவல் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் மேலே போனாள், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தாள், இறங்க மனமில்லாதவள் போல. இறங்கியபோது கால் தரையில் நிற்கவில்லை. அது தன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. கை ஊன்றி, இடுப்பு அடிபட விழுந்தாள்.

இன்னொரு ஆட்டக்காரன் கால் வைத்துப் பார்த்தான், அவனுக்கும் வழுக்கியது. குழுவின் பொறுப்பாளர் குனிந்து விரலால் தரையைத் தடவி முகர்ந்தார். பிறகு எழுந்து, ஒருவரும் இதில் ஏறக் கூடாது, இன்றைக்கு ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். இதில் ஒரு கால் முறிந்தால் அந்த ஆளின் பிழைப்பே முடிந்துவிடும் என்றார். யார் செய்தது என்று கேட்டார்.

அக்கா என் கையைக் கிள்ளினார்.

"பிள்ளை, வாயைத் திறக்காதை. ஒருத்தரும் காணேல்லை."

ஒருவர் கண்டிருந்தார். காவல்காரர் கதவருகில் நின்றார். இப்போது சொல்லப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்ட குரல் அவருடையதுதான். தானே துடைத்ததாகச் சொன்னார்.

பொறுப்பாளர் அவரைத் திட்டினார். பங்குத் தந்தை ஓடிவந்து, உன்னை யார் துடைக்கச் சொன்னது என்று தன் பங்குக்குத் திட்டினார். அந்தப் பெரிய மனிதர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நின்றார். நான் பட்டுச் சேலையில் ரோல்ஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும்.

"அந்தாள் தானே ஏத்துப்போட்டுது, அவையின்ர ஆள்தானே, ஒண்டும் செய்யமாட்டினம்" என்று அக்கா காதுக்குள் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேலைக்குப் போன முதல் வருடம் ஒரு தேநீர்க் கோப்பையை உடைத்துவிட்டு, நான்தான் என்று சொன்னேன். அடுத்த கிழமை அந்த வீட்டில் வேலை இல்லை. அதற்குப் பிறகு என் கையால் உடைந்தவை எல்லாம் காற்றில் உடைந்தவைதான்.

பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றத் தொடங்கினார்கள். என் மகள் அழவில்லை. என்னிடம் நடந்து வந்தாள், என் சேலைக்குப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தாள்.

"அம்மா, அந்த நிலத்தில உங்கட மணம் வருது" என்றாள்.

ஒவ்வொரு பின்னேரமும் நான் அந்த எலுமிச்சை மணத்தோடுதான் வீட்டுக்கு வருகிறேன். வேறு யாரையும் ஏமாற்றலாம், அவளை எப்படி ஏமாற்றுவது?

"நீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் மயெஸ்த்ராவைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். மறுபடியும் வாய் மூடிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நடுவுக்குப் போனேன். என் இத்தாலிய மொழி குசினியும் குளியலறையும் மட்டும் தெரிந்த மொழி. அதில் எனக்குத் தெரிந்த நாலு சொல்லைப் பொறுக்கி, இவர் இல்லை, நான் என்று சொன்னேன். மெழுகுப் போத்தலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பொறுப்பாளர் வாயைத் திறந்தார், ஆனால் மயெஸ்த்ரா அவரை நிறுத்திவிட்டு, மணிக்கட்டில் ஐஸ் பையைப் பிடித்தபடி என்னிடம் வந்தாள். தட்டில் இருந்த மஞ்சள் கட்டிகள் எங்கே என்று கேட்டாள். குப்பையில் என்றேன். தட்டையும் கழுவினேன் என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே இருந்துவிட்டாள். மூச்சு வந்தபின் என் மகளிடம் ஏதோ வேகமாகச் சொன்னாள். மகள் திரும்பினாள்.

"அம்மா, அவைக்கு ஊத்தை வேணுமாம். அது மரத்துப் பிசினாம், சப்பாத்தில பூசுறதாம். ஊத்தை இருந்தாத்தானாம் வழுக்காது."

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் ஒருவரும் ஊத்தை கேட்டதில்லை.

ஆனால் பூசிய மெழுகை எடுக்கவும் எனக்குத் தெரியும். கொதித்த தண்ணீர், அமோனியா, கரடுத் துணி, இரண்டு தரம். சொன்னேன். ஒன்றரை மணித்தியாலம் தந்தார்கள். வாயைத் திறக்காதே என்று சொன்ன அக்காதான் முதலில் சேலையைத் தூக்கிச் செருகினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், வாங்கோவன் எல்லாரும்."

எட்டுப் பெண்கள், எட்டுப் பேரும் கிழமையில் ஆறு நாள் இந்த ஊரின் தரைகளைத் துடைப்பவர்கள், பட்டுச் சேலையோடு முழங்காலில் ஒரு வரிசையாக இறங்கினோம். ஆட்டக்காரர்களும் துணி எடுத்து எங்களுக்கு நடுவில் இருந்தார்கள். காவல்காரர் மூச்சிரைக்கச் சுடுதண்ணீர் சுமந்தார். வரிசை மெதுவாக முன்னே போனது, நீராவிக்குள் கைகள் மட்டும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பின. சம்மனசுகள் ஒவ்வொருவராக மங்கி மேலே போய்விட்டார்கள்.

தரை காய்ந்தபின் பொறுப்பாளர் கோலா வாங்கி வரச் சொன்னார். குடிக்க என்று நினைத்தேன். காவல்காரர் வியா மக்வேதாவில் வங்காளத்து ஆட்களின் கடைக்குப் போய்ப் பெரிய போத்தல்களாகத் தூக்கி வந்தார். அதைத் தண்ணீரில் கலந்து தரைக்குப் பூச வேண்டுமாம். வழுக்குகிற மேடைகளில் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். சீனித் தண்ணீரைத் தரையில் ஊற்ற என் கை ஒத்துக்கொள்ளவே இல்லை. எறும்பு வருமே என்று சொல்லிச் சொல்லித்தான் துடைத்தேன்.

அது காய்ந்ததும் மயெஸ்த்ரா என்னைக் கூப்பிட்டாள். நடுவில் நிற்கச் சொன்னாள். மற்றவர்களின் தரைகளில் நான் பின்னால் பின்னால் நடந்துதான் வெளியே வருவேன், என் காலடி கூட மிஞ்சாமல். நடுவில் நின்று எனக்குப் பழக்கமில்லை. அவள் நல்ல கையால் என் கையைப் பிடித்து, எழும்பு என்று காட்டினாள். நுனிக்காலில் எழும்பினேன். தரை என் காலைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்தெட்டு வயதில், அரைவாசி ஈரமான பட்டுச் சேலையில், நான் ஆடாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி ஆட்டம் தொடங்கியது. ஜன்னல்களில் பொன் வெயில் இருந்தது. மணிக்கட்டில் கட்டுப் போட்டபடி மயெஸ்த்ரா தாவினாள், இறங்கினாள், நின்றாள். அவர்கள் காலெடுக்கும் போதெல்லாம் தரையிலிருந்து ஒட்டி விடுபடும் ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு எல்லோரும் ஒதுங்க, என் மகள் தனியாக நடுவுக்கு வந்தாள். கைகளை மெதுவாக உயர்த்தினாள். மண்டபத்தில் அவளைத் தவிர ஒன்றும் இல்லாதது போல இருந்தது. நான் அழுதுகொண்டே பார்த்தேன், அதனால் பாதிதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து கதிரை அடுக்கும்போது காவல்காரரிடம் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். துறைமுகத்தில் நாற்பது வருடம் எத்தனையோ பேர் தன்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் கத்தினால் என்ன குறைந்துபோகும் என்றார். உனக்குப் பிள்ளை ஆட இருந்தது என்றார். பிறகு ரோல்ஸ் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். மிச்சமிருந்த பெட்டியை அப்படியே கொடுத்தேன்.

அன்று நடந்து வீட்டுக்கு வரும்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. திட்டு வாங்கிய அந்தப் பத்து நிமிடமும் அவர் தரையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், பங்குத் தந்தையின் சப்பாத்தைப் பார்த்தார். என் பக்கம் மட்டும் ஒரு தடவையும் பார்க்கவில்லை. தன் கண் போகிற பக்கம் மற்றவர்களின் கண்ணும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போதும் எங்கேயாவது யாராவது தலை குனிந்து திட்டு வாங்கிக்கொண்டு நின்றால், இவர் இந்த நேரத்தில் யாரைப் பார்க்காமல் இருக்கிறார் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.