ஒரு கொப்பியில் ஐந்து வீட்டு முட்டு

முட்டு வருத்தமுள்ள பிள்ளைகளில் அடுத்த இரண்டு கிழமைக்குள் யாருக்கு மூச்சு இழுக்கும் என்று எங்கள் கிளினிக்கின் கணினி முன்கூட்டியே சொல்லத் தொடங்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிள்ளை எத்தனை தரம் வந்தது, மூச்சுக்கு அடிக்கிற பம்ப் எத்தனை எடுத்தது, மழையா வெயிலா, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பெயருக்குச் சிவப்புப் போடுமாம். பத்து வருடமாக இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிற நேர்ஸ் நான். எனக்குத் தெரியாதது இதுக்கென்ன தெரியும் என்று டொக்டரிடம் நேரே கேட்டேன். இளம் ஆள். “ஒருக்காப் போய்ப் பாப்பம் மிஸ்” என்றார்.

பட்டியலில் முதல் சிவப்பு, உன்னிச்சைப் பக்கம் வயல் வட்டையோரத்து வீடொன்றில் எட்டு வயதுப் பிள்ளை. மூன்று நாளில் அந்த வட்டையில் நெல் வெட்டு மிஷின் இறங்கப்போகிறது. வைக்கோல் தூசி பறந்தால் முட்டுக்காரப் பிள்ளைகள் பாடு பெரும்பாடு. மருந்து ஆவி பிடிக்கிற மிஷினையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அவசரமாகப் போனோம்.

பிள்ளை கொய்யா மரத்து உச்சியில் இருந்தாள்.

இறக்கி நெஞ்சைக் கேட்டார் டொக்டர். ஒரு சத்தமும் இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு தாயைப் பிடித்தேன்.

“இந்த மாசம் நாலு பம்ப் எடுத்திருக்காய். எங்க அது?”

“குடுத்திட்டன் மிஸ்.”

“ஆருக்கு?”

வரிசையில் முட்டுக்காரப் பிள்ளைகள் இருந்த மற்ற நாலு வீட்டையும் காட்டினாள். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் நாட்கூலியை விட்டுவிட்டு எல்லோரும் பஸ் ஏற முடியாது. அதனால் ஒருத்தி போய் எல்லோருக்கும் மருந்து எடுத்து வருவாள்.

“அதுக்கு அவங்கட கிளினிக் கொப்பியக் கொண்டு வாறதுக்கென்ன?”

“கொண்டு வந்தா, புள்ளய ஏன் கூட்டி வரல்ல எண்டு ஏசுறது நீங்கதானே மிஸ். அதுதான் என்ட மகளக் கூட்டி வந்து இருமச் சொன்னனான்.”

“நல்லா இருமினனான் என்ன மிஸ்?” என்றாள் மகள்.

டொக்டர் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார். ஏசுவது நான்தான். அந்த இருமலை நம்பிப் பம்பைக் கொடுத்ததும் நான்தான்.

அந்தப் பம்ப் யாருக்கு அதிகம் போகிறது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு நாலு வயதுப் பொடியனுக்கு. அவன் பட்டியலிலேயே இல்லை. கிளினிக்குக்கு வராத பிள்ளை சுகமான பிள்ளை என்று கணினி நினைத்துவிட்டது. போய்ப் பார்த்தால், வாசல்படியில் தோளை உயர்த்திக்கொண்டு குந்தியிருக்கிறான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையில் தோல் குழிகிறது. பம்பை வெறும் வாயில் அடித்துவிடுகிறாள் தாய். அதற்கு முன்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் குழாயை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அங்கேயே ஆவி பிடித்தோம். அரை மணித்தியாலத்தில் தோள் இறங்கியது. தாய்க்குக் குழாயைக் கொடுத்து, மூன்று தரம் செய்து காட்டச் சொன்னேன். மிஷின் இறங்குமுன் பொடியனைக் கடற்கரைப் பக்கம் இருக்கிற சின்னம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் டொக்டர். ஐந்து தாய்மாரையும் கூப்பிட்டு, வெட்டு முடியுமட்டும் ஒருத்தியே வரலாம், ஆனால் ஐந்து பிள்ளைகளின் கொப்பியும் கொண்டுவரவேண்டும், ஏசமாட்டேன் என்றேன். அவர்கள் நம்பவில்லை. ஆனாலும் அடுத்த முறை ஐந்து கொப்பியும் வந்தது.

அடுத்த பட்டியலில் பொடியன்தான் முதல் சிவப்பு.

“இப்ப சரியாச் சொல்லுது பாத்தீங்களா” என்றார் டொக்டர்.

“நாம ஒழுங்காச் சொன்னம், அது திருப்பிச் சொல்லுது” என்றேன். ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் அந்தப் பட்டியலை முதலில் பார்க்கிறவள் நான்.

வெட்டு முடிந்து தாயும் பொடியனும் கிளினிக்குக்கு வந்தார்கள்.

“இவனுக்கு வெட்டு மிஷினக் காட்டல்லயாம் மிஸ். சின்னம்மா வீட்டால வந்து பஸ்ஸால இறங்கினதில இருந்து வீடு வரைக்கும் ஒரே கத்தல். தெருவே பாத்தது.”

நெஞ்சைக் கேட்டேன். துப்பரவாக இருந்தது.

“கத்தட்டும்” என்றேன்.