எலிக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்

என்னைப் பெண் பார்க்க சேவூரிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். பேசுவது காதில் விழ வேண்டுமே என்று அப்பா பின்கட்டில் ஓடிய விசைத்தறியை நிறுத்தியிருந்தார். நான் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் பெருமையாகச் சொன்னார்:

"எம்.ஃபார்ம் முடிக்கப் போறா. வலிக்கு எந்த மருந்து நல்லா கேக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணிகினு இருக்கா."

அந்த அம்மாவுக்கு முட்டிவலி. நாற்காலியில் உட்காரும்போதே முகம் சுளித்ததைக் கவனித்திருந்தேன்.

"அப்படியா? மெடிக்கல்ல குடுக்கற மாத்திரையத் தின்னு தின்னு எனக்கு வயிறுதான் புண்ணாப் போச்சு. எது நல்லதுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி அது. கூச்சத்தை மறந்து பேசத் தொடங்கினேன். வீக்கத்தைக் குறைத்து வலியைத் தணிக்கும் மருந்து ஒரு வகை, மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்வது இன்னொரு வகை, அதனால் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் எல்லாச் சோதனையிலும் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது என்று விளக்கினேன்.

"எலிக்கு வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சூடான தட்டு ஒண்ணு இருக்குங்க. அதுமேல விட்டா, சுடும்போது பின்னங்கால நக்கும், இல்லாட்டி குதிக்கும். உடனே எடுத்துடுவோம். மருந்து கேட்டிருந்தா நக்கறதுக்கு லேட்டாகும். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக சில எலிக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசிதான் போடுவோம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சூட்டுல வுடுவியா? நீயேவா?"

என் அம்மா சிரித்துக்கொண்டே குறுக்கிட்டாள். "ஐயோ, இவ எங்கங்க! அதெல்லாம் அங்க வேற ஆளுங்க செய்வாங்க. இவ கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறதோட சரி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அந்த அம்மா கட்டியிருந்த பட்டுக்காக வெந்நீரில் வெந்த புழுக்கள் ஞாபகம் வந்தன. அதை நினைத்தும் என் கூச்சம் குறையவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் அப்பா தறியில் நெய்யும் அதே பட்டினால்தான்.

மறுநாளே சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அன்று பொய்க்குத் தலையாட்டியதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. காலேஜுக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாண்டில் ஓரமாக நின்று மாப்பிள்ளைக்கு போன் செய்தேன்.

"அன்னிக்கு எங்கம்மா சொன்னது பொய்ங்க. எலியத் தட்டுல விடறது நான்தான். எல்லாம் முடிஞ்சப்புறம் அதுங்களக் கொல்றதும் நான்தான்."

அவர் சிரித்தார்.

"இதுக்காங்க இவ்ளோ பேஜாராயிட்டீங்க? எலிதானே! அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்க வேணாம்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். 'எலிதானே' என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ஊசியைக் கையில் எடுத்திருக்கிறேன். அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோது, நடுத்தெருவில் யாரோ என்னைப் பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது. "சரிங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

அன்று ஆய்வகத்தில் முதலில் உப்புத்தண்ணீர் எலியின் முறை. தட்டில் விட்டேன். முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது. பின்னங்காலை நக்குவதற்குள் என் கை தானாகப் போய் அதை எடுத்துவிட்டது.

பக்கத்தில் நின்ற கைடு மேடம், "ஏன் அதுக்குள்ள எடுத்தே?" என்றார்.

"கை தவறிடுச்சு மேடம்."

மறுபடியும் பொய். அவர் திட்டவில்லை. "இந்த ரீடிங் செல்லாது. ஒரு தடவை சூடு பட்டுடுச்சு, இதையே திரும்ப வைக்க முடியாது, வேற ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார்.

நான் இரக்கப்பட்டதால் இன்னொரு எலி சூடுபட வேண்டியிருந்தது. கூண்டைத் திறந்தேன். மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்த எலிகளில் ஒன்றை வாலைப் பிடித்து எடுத்துவந்து தட்டில் விட்டேன். அது நக்கும்வரை இந்த முறை பார்த்துக்கொண்டு நின்றேன்.