எழுநூறு அடிக்குக் கீழே ஒரு கிளி

சேலத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். வடையும் காபியும் நன்றாக இருக்கும். சென்ற ஆண்டு ஒருமுறை, இலக்கியத்தில் மாயக் கதைகளின் இடம் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். வடைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்றால் முழுப் பொய் ஆகாது.

அந்தத் தலைப்பில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. எல்லாம் திட்டு. நான் மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் ராஜாவும் இல்லை, அரக்கனும் இல்லை. தறி உண்டு, கோழிப்பண்ணை உண்டு, லாரிப் பட்டறை உண்டு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறவள் என்று எனக்குள் ஒரு மிதப்பு. மாயக் கதை என்பது வாழ்க்கையைப் பார்க்கப் பயந்தவர்கள் இழுத்துப் போர்த்திக்கொள்ளும் கம்பளி என்று உரையின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன். கூட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர், அதாவது ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்களுக்கு அதுதான் வேலை. வண்டியோடு வடக்கே போனால் அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். அந்த முறை மத்தியப் பிரதேசம் போனவர் எட்டு மாதமாக வரவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது.

காலையில் வண்டிக்கு டீசல் பிடிக்கிற நேரத்தில் போன் செய்வார். நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பேன். எண்ணெய் டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்து ஒலியைக் கூட்டிவிடுவேன்.

"சாப்ட்டயா சாமி?"

"ம்."

"பள்ளிக்கூடம் போறயா?"

"ம்."

அத்தோடு நழுவிவிடுவாள். ஒருநாள் நான் போனை எடுத்து டப்பாமேல் சாய்த்தவுடன், "போன் மாமாவா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவர் காதில் அது தெளிவாக விழுந்துவிட்டது.

"ஏம்புள்ள, நான் ஊட்டுக்கு வாரப்ப எங்கிட்ட வருவாளா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் ஒலியைக் குறைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"நீதான் கதை எழுதறவளாச்சே. ஒரு கதை குடு. அவகிட்டப் பேச எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

நான்கு வயதுப் பெண்ணுக்குச் சொல்ல என் மூன்று நாவலில் ஒரு பக்கம்கூடத் தேறாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உரைக்கான குறிப்பு நோட்டைப் புரட்டினேன். ஓர் அரக்கன் தன் உயிரை ஒரு கிளிக்குள் வைத்து, ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒளித்து வைத்திருக்கிறான். அரசகுமாரன் அதைத் தேடிப் போகிறான். திட்டுவதற்காகக் குறித்துவைத்த கதை. வேறு வழியில்லாமல் அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் எடுத்த எடுப்பிலேயே, "உம் கொட்டோணும் சாமி. இல்லீன்னா அப்பா வண்டிய நிறுத்திப்போடுவேன்" என்றார். கதை கேட்கிறவர் உம் கொட்டினால்தான் சொல்கிறவருக்கு வாய் வரும். எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரியும். மகள் தலையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன் பக்கம் குனிந்து, "உம்" என்றாள்.

அவர் கடலைப் பார்த்ததில்லை. அதனால் கடலையும் மலையையும் தூக்கிப்போட்டுவிட்டு, பாறைக்கு அடியில் எழுநூறு அடி ஆழத்தில் கிளியைக் கூண்டோடு வைத்துவிட்டார். அரசகுமாரனுக்குக் குதிரைக்குப் பதில் ரிக் வண்டி.

"இருபதடி ராடு ஒண்ணு எறக்குனான் சாமி."

"உம்."

"மண்ணு சரியுதுன்னு கேசிங் பைப்பு போட்டான்."

"உம்."

ஒரு நாளைக்கு மூன்று ராடு. அவள் பள்ளிக்கூடத்தில் போய், இன்றைக்கு இருநூற்று நாற்பதாவது அடி என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வருவாள். கீழே கிளிக்குப் பசிக்குமே என்று மொளகாப்பழத்தை எடுத்து வாசலில் வைத்தாள். போன் அடித்தால் இப்போது எனக்கு முன்னால் அவள் ஓடினாள். அங்கே அவர் குரலும் தினம் ஒரு சுற்று பெருத்துக்கொண்டே போனது.

பன்னிரண்டாம் நாள் எழுநூறாவது அடி. குறித்த ஆழத்தைத் தொட்டுவிட்டால் டிரில்லருக்குத் தலைகால் தெரியாது.

"எறக்குனாம் பாரு சாமி, தொளைக்கற பிட்டு நேரா கூண்டு மேல. கிளி காலி, அரக்கனும் காலி."

உம் வரவில்லை. பாதிப் பின்னலோடு எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஏனுங்க, கிளியையா கொல்றது?" என்று நான் சத்தம் போட்டேன்.

"ஆறரை அங்குலக் குழியில கையவா உட்டு எடுக்க முடியும்? நீ சொன்ன கதைலயும் கிளி சாவத்தான செய்யுது?"

ஆமாம், கிளியின் கழுத்தைத் திருகினால்தான் அரக்கன் சாவான். இத்தனை வருடமாக அந்தக் கதையை இளக்காரமாகப் பேசிவந்த எனக்கு, கிளிக்காக ஒருமுறைகூட வருத்தம் வந்ததில்லை.

நான்கு நாள் அவள் போன் பக்கமே வரவில்லை. "சின்னப் புள்ளதானுங்க. நாலு நாள்ல மறந்துருவா" என்று சமாதானம் சொன்னேன்.

"என்னையும் அப்படித்தான மறந்தா" என்றார்.

ஐந்தாம் நாள் அவர் சாப்ட்டயா கேட்கவில்லை. மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நேராகக் கதைக்குள் போனார்.

"பிட்டு கூண்டுக்கு ஒரு சாண் தள்ளித்தான் எறங்கிருக்குது. புழுதில அப்பா சரியாப் பாக்கல. அப்பறம் கம்ப்ரஸர் காத்துல பாறை மாவெல்லாம் மேல வந்துது பாரு, அதோட கிளியும் வந்துருச்சு."

மகள் சுவரிலிருந்து பாதி திரும்பினாள்.

"உடம்பெல்லாம் சாம்பலா இருந்துச்சு. கிளின்னு ஆருக்கும் அடையாளமே தெரியல."

"அப்பறம்?"

"ஒரு செம்புத் தண்ணி ஊத்துனாங்க. பச்சை தெரிஞ்சுருச்சு."

"உம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அரக்கன்?" என்றாள்.

"அவன் திருந்திட்டான் சாமி. நாமக்கல்ல கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கறான்."

அவள் சிரித்தாள். நான் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் என் உரையை எடுத்துப் படித்தேன். ஒரே கூச்சமாக இருந்தது. பிறகு என் முதல் நாவலை எடுத்தேன். இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரர் வீடு, மூன்று பெண்கள், மூத்தவள் தோற்கிறாள், நடுவுளவள் தோற்கிறாள், எல்லோரும் ஏளனம் செய்த கடைக்குட்டி ஜெயிக்கிறாள். அச்சு அசல் வாழ்க்கை என்று அதைப் பாராட்டினார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாவது நாவலில் ஒரு பூட்டிய அறை வருகிறது, திறக்கக் கூடாது என்கிறார்கள், திறந்துவிடுகிறாள். மூன்றாவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் எழுதிய இடங்கள்தான் கண்ணால் பார்த்தவை. கதை நடக்கும் வழியை, சின்ன வயதில் மாயக் கதைகளை உம் கொட்டிக் கேட்ட காது அல்லவா போட்டிருக்கிறது.

அந்த அரக்கன்மேலும் எனக்குக் கோபம் போய்விட்டது. உயிரை எங்கோ மலை தாண்டி வைத்துவிட்டு, இங்கே ஒன்றும் நடக்காததுபோல் தோசை சுட்டுக்கொண்டு நடமாடுவது எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் பழக்கம்தான். உரையை முழுவதும் மாற்றி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தபோது வாசகர் வட்டத்தில் நன்றாகத்தான் கைதட்டினார்கள். ஆனால் அதற்கு முந்தைய நாள் நடந்ததுதான் சொல்ல வேண்டியது.

சனிக்கிழமை அவர் வந்தார். வடக்கே மழை பிடித்து வண்டி திரும்பியிருந்தது. வரும் வழியில் சங்ககிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கடைசியாக ஒரு போர் போட்டுவிட்டு, குளிக்கப் பொறுமையில்லாமல் அப்படியே வந்திருந்தார். கண் இமைகூடப் பாறை மாவு. மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவர் வாசல் கேட்டைத் தாண்டவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டு கையையும் பேண்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடிப்போனாள்.

"பரவால்ல. மெதுவாப் பழகட்டும்" என்றார் என்னிடம். முகம் சுருங்கிவிட்டது.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு செம்பை இரண்டு கையாலும் பிடித்து, பாதித் தண்ணீரை வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தாள். அவர் முன்னால் நின்றாள்.

"குனிங்க."

அவர் மண்ணில் மண்டி போட்டார். அவள் மிச்சத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். கன்னத்தில் வழிந்த சாம்பல் தண்ணீரை விரலால் தேய்த்து, கீழே தெரிந்த தோலைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். அவர் மூச்சுவிடாமல் இருந்தார்.

"பச்சை இல்லம்மா" என்றாள் என் பக்கம் திரும்பி. "அப்பாதான்."